டிஸ்க்கை அழித்துத்தான் மாற்ற வேண்டும்: மூன்று சர்வர் செஃப் கிளஸ்டரில் புளூஸ்டோருக்கு மாறுவது எப்படி

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பாகச் சேர்த்து இயக்கும் மென்பொருள் செஃப், அப்படிச் சேர்ந்த சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். அதன் ரீஃப் பதிப்பு 2023 ஆகஸ்டில் வந்தது. அதிலிருந்து ஃபைல்ஸ்டோர் என்ற பழைய சேமிப்பு முறைக்கு ஆதரவு இல்லை. அதற்கு முந்தைய குவின்சி பதிப்பிலேயே, 2022-இல், இது போகப்போகிறது என்று சொல்லிவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த புளூஸ்டோர் 2017 ஆகஸ்டில், லுமினஸ் பதிப்போடு நிலைபெற்று, புதிதாகச் சேர்க்கும் டிஸ்க்குகளுக்கு இயல்பான தேர்வாகவும் ஆகிவிட்டது. அவகாசம் நிறையவே இருந்தது. இருந்தும், ஓடுகிற சர்வரில் கை வைக்கத் தயங்கிப் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்ட சிறு கிளஸ்டர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன.

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் நான் பார்க்கும் கிளஸ்டர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருப்பவை: மூன்று சர்வர், சர்வருக்கு நான்கு டிஸ்க், எதை எழுதினாலும் மூன்று பிரதி. ஓரிடத்தில் கல்யாண வீடியோ நிறைந்திருக்கும். இன்னோரிடத்தில் பழைய வீடுகளிலிருந்து வந்த காகிதங்களின் ஸ்கேன் இருக்கும்: கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம், சீர்முறைப் பட்டியலான முறைசிட்டை, ரங்கூனிலும் பினாங்கிலும் நடந்த வட்டிக்கடைகளின் பேரேடுகள். எனக்குக் கவலை இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான். வீட்டை இடித்தால் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேரும். காகிதத்துக்கு அப்படி ஒரு கடை கிடையாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவற்றைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அவை 1994-இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாகிப் பிழைத்தன. அந்த வாய்ப்பு எல்லாச் சேகரிப்புக்கும் அமையாது. பல ஏடுகளுக்கு இப்போது ஸ்கேன்தான் மூலம். அதைத் தாங்கும் டிஸ்க்குகளின் அமைப்பை மாற்றும்போது ஒரு கோப்புகூடப் போகக் கூடாது.

இந்த மாற்றம் ஏன் வந்தது என்று தெரிந்தால், எங்கே கவனம் வேண்டும் என்பதும் தெரியும்.

செஃப், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வெயிலின் ஆய்வாகத் தொடங்கியது. 2006-இல் அதைப் பற்றிய ஆய்வுரை வெளிவந்தபோது, டிஸ்க்கில் எழுத எபோஃப்ஸ் என்ற சொந்த அமைப்பை வைத்திருந்தார்கள். பிறகு, லினக்ஸ் கர்னலில் ஏற்கெனவே உள்ள ஃபைல் சிஸ்டத்தின் மேல் உட்கார்ந்துகொள்வதே சுலபம் என்று முடிவாயிற்று. முதலில் பிடிஆர்எஃப்எஸ் மீது நம்பிக்கை வைத்தார்கள், பின்னர் எக்ஸ்எஃப்எஸ்ஸில் வந்து நின்றார்கள். இதுதான் ஃபைல்ஸ்டோர்: செஃப்பின் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும், அதாவது அது தரவை வைக்கும் ஒவ்வொரு துண்டும், எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஒரு கோப்பு.

இதில் ஒரு சிக்கல். ஓர் ஆப்ஜெக்ட்டின் தரவு, அதன் பண்புகள், அதைச் சேர்ந்த குறிப்புகள் எல்லாம் ஒன்றாக எழுதப்பட வேண்டும், இல்லையென்றால் எதுவுமே எழுதப்படக் கூடாது. சாதாரண ஃபைல் சிஸ்டம் அப்படி ஓர் உறுதியைத் தருவதில்லை. ஆகவே ஃபைல்ஸ்டோர் எதையும் முதலில் ஜர்னல் என்ற தனிப் பகுதியில் எழுதி, பிறகு அதன் நிரந்தர இடத்தில் எழுதும். செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் குறித்துவிட்டுப் பிறகு பேரேட்டில் ஏற்றுவது போலத்தான். கணக்குக்கு அது நல்ல பழக்கம். 1 ஜிபி வீடியோவுக்கு அதே பழக்கம் வைத்தால் 2 ஜிபி எழுத வேண்டியிருக்கும். ஜர்னலும் அதே டிஸ்க்கில் இருந்தால் எழுதும் வேகம் பாதியாகிவிடும். இது போதாதென்று எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கும் உள்ளே தனி ஜர்னல் உண்டு.

கோப்புகள் லட்சக்கணக்கில் சேரும்போது இன்னொரு தொல்லை. ஒரு டைரக்டரியில் அளவுக்கு மேல் கோப்பு சேர்ந்தால் ஃபைல்ஸ்டோர் அதைப் பல டைரக்டரிகளாகப் பிரிக்கும். அந்த நேரத்தில் அந்த டிஸ்க் பதில் சொல்லாமல் திணறும். மத்தியானம் ஸ்கேன் பிரிவில் "சேவ் ஆகமாட்டேங்குது" என்று குரல் எழும்போது பல தடவை காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

2015 வாக்கில் நியூஸ்டோர் என்று ஓர் இடைநிலை முயற்சி நடந்தது. மெட்டாடேட்டாவை, அதாவது தரவைப் பற்றிய குறிப்புகளை, ராக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்தில் வைத்து, தரவை மட்டும் கோப்பாகவே வைத்துப் பார்த்தார்கள். ஃபைல் சிஸ்டம் நடுவில் இருக்கும்வரை ஜர்னலுக்கு மேல் ஜர்னல் என்ற சுமை குறையவில்லை. எனவே ஃபைல் சிஸ்டத்தையே எடுத்துவிட்டார்கள். புளூஸ்டோர் டிஸ்க்கை நேரடியாகக் கையாளும்: தரவு நேராக வெற்று டிஸ்க்கில், மெட்டாடேட்டா ராக்ஸ்டிபியில். பெரிய எழுத்துகள் ஒரே முறைதான் டிஸ்க்கில் இறங்கும். சிறிய திருத்தங்கள் மட்டும் முன்போல முதலில் குறிக்கப்பட்டுப் பிறகு இடத்துக்குப் போகும். சுற்றி வந்து, எபோஃப்ஸ் காலத்து யோசனைக்கே திரும்பியிருக்கிறார்கள். செஃப் எழுதியவர்களும் கார்னகி மெலன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-இல் இந்தப் பத்தாண்டு அனுபவத்தை ஓர் ஆய்வுரையாகவே வெளியிட்டார்கள்.

வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது செக்சம். புளூஸ்டோர் எழுதும் ஒவ்வொரு 4 கேபி துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு வைக்கும். படிக்கும்போதெல்லாம் அதை ஒப்பிடும். பொருந்தவில்லை என்றால் அந்தப் பிரதியை ஏற்காது, வேறு சர்வரில் உள்ள பிரதியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். எக்ஸ்எஃப்எஸ் தன் மெட்டாடேட்டாவுக்குத்தான் செக்சம் வைக்கும், உங்கள் தரவுக்கு வைக்காது. டிஸ்க்கில் ஒரு பிட் சத்தமில்லாமல் புரண்டால், ஃபைல்ஸ்டோர் அதை அப்படியே படித்துக் கொடுத்துவிடும்.

இனி மாற்றம். இருக்கிற இடத்திலேயே வைத்து ஒரு டிஸ்க்கை ஃபைல்ஸ்டோரிலிருந்து புளூஸ்டோராக்க எந்தக் கட்டளையும் இல்லை. ஓஎஸ்டி என்று செஃப் அழைக்கும் அந்த ஒற்றை டிஸ்க் அலகை அழித்து, அதே டிஸ்க்கில் புதிதாக உருவாக்க வேண்டும். உள்ளே இருந்தவற்றை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கிளஸ்டரே மறுபடி நிரப்பிக்கொள்ளும். அதாவது நல்ல நிலையில் உள்ள ஒரு டிஸ்க்கை நாமே வேண்டுமென்று சாகடிக்கிறோம், அதையும் பன்னிரண்டு டிஸ்க்குக்கும் வரிசையாகச் செய்கிறோம். எந்த நொடியிலும் மூன்று பிரதி என்ற எண்ணிக்கை குறையக் கூடாது. பாதுகாப்பு என்று நான் சொல்வது இதை மட்டும்தான்.

இங்கேதான் பலரும் வரிசையைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஓஎஸ்டியை நிறுத்திவிட்டால் அது 'டவுன்'. அதிலிருந்த தரவுக்கு உடனே இரண்டு பிரதிதான் மிச்சம். நிறுத்தாமல் 'அவுட்' என்று மட்டும் குறித்தால், அது ஓடிக்கொண்டே இருக்கும், தன்னிடம் உள்ளதைக் கொடுத்துக்கொண்டும் இருக்கும், அதன் பொறுப்பு மட்டும் மற்ற டிஸ்க்குகளுக்கு மாறும். புதிய இடத்தில் பிரதி முழுமையாகும்வரை பழையது உயிரோடு இருக்கும். எனவே முதலில் அவுட், நகர்ந்து முடிந்த பிறகே நிறுத்தம். தலைகீழாகச் செய்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மிச்சமுள்ள இரண்டில் ஒன்று அந்த நேரம் பார்த்துப் பழுதானால்தான் தெரியும். அப்போது அந்தத் தரவுக்கு ஒரே பிரதி. வழக்கமான அமைப்பில் குறைந்தது இரண்டு பிரதி இருந்தால்தான் கிளஸ்டர் எழுதவும் படிக்கவும் விடும். செஃப் தரவைப் பல பகுதிகளாகப் பிரித்தே பிரதி வைக்கும், எனவே அந்தப் பகுதி அப்படியே நின்றுவிடும்.

அடுத்தது இடம். மூன்று சர்வர், மூன்று பிரதி, சர்வருக்கு ஒரு பிரதி என்று இருக்கும்போது, அவுட் ஆன டிஸ்க்கின் தரவு வேறு சர்வருக்குப் போக முடியாது. அங்கே ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறது. அதே சர்வரில் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்குகளில்தான் அடங்க வேண்டும். இருபது சர்வர் உள்ள இடத்தில் இதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. நம் அளவில் இதுதான் முதல் கணக்கு. நான்கு டிஸ்க்கும் 60 சதவீதம் நிறைந்திருந்தால், ஒன்றை எடுத்ததும் மற்ற மூன்றும் 80-க்கு வரும். 65 என்றால் 86-ஐத் தாண்டும், 85-ஐத் தொட்டதுமே செஃப் எச்சரிக்கத் தொடங்கிவிடும். 70 என்றால் 93. ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் ஒரு டிஸ்க்கில் பின்நிரப்பலை, அதாவது நகர்ந்து வரும் தரவை நிரப்புவதை, அது அனுமதிக்காது, 95-இல் எழுதுவதையே நிறுத்திவிடும். தரவு எல்லா டிஸ்க்கிலும் சமமாகவும் இருக்காது, ஒன்று 57 என்றால் பக்கத்தது 64 இருக்கும். ஆகவே சராசரி 60-ஐத் தாண்டிய கிளஸ்டரில், சர்வருக்கு ஒரு புது டிஸ்க் வாங்கிச் சேர்த்துவிட்டுத் தொடங்குவதே சரி. பணம் இல்லை என்றால் பழைய பேக்கப்புகளையும் தேவையற்ற ஸ்னாப்ஷாட்டுகளையும் நீக்குங்கள். "நகர்ந்துகொண்டிருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்காதீர்கள்.

டிஸ்க்கைத் தொடுமுன் இன்னொரு வேலை உண்டு. இதைச் சொல்லும் ஆட்கள் குறைவு, எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். புளூஸ்டோர் செக்சத்தை எழுதும் கணத்தில் கணக்கிடுகிறது. தன்னிடம் வருவது சரியா தவறா என்று அதற்குத் தெரியாது. ஃபைல்ஸ்டோர் டிஸ்க்கில் ஏற்கெனவே சிதைந்துபோன ஒரு பேரேட்டுப் பக்கம் பின்நிரப்பலில் புதிய டிஸ்க்குக்கு வந்தால், சிதைந்த அந்தப் பக்கத்துக்கே செக்சம் போட்டு, "இது சரி" என்று காலத்துக்கும் சாட்சி சொல்லும். நல்ல பிரதி இருந்த டிஸ்க்கையோ நாம் வரிசையில் அடுத்து அழிக்கப் போகிறோம். ஆகவே முதல் டிஸ்க்கை அவுட் செய்யுமுன் எல்லாப் பகுதிகளுக்கும் டீப் ஸ்க்ரப் முடிந்திருக்க வேண்டும். அது மூன்று பிரதிகளையும் முழுதாகப் படித்து ஒப்பிடும். வழக்கமாக வாரம் ஒருமுறை தானாக நடக்க வேண்டியது. வேலைப்பளுவால் பல கிளஸ்டர்களில் மாதக்கணக்கில் தள்ளிப்போயிருக்கும். முரண்பாடு என்று வந்தால் அவசரப்பட்டு ரிப்பேர் கட்டளை கொடுக்காதீர்கள். எந்தப் பிரதி நல்லது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஸ்கேன் எடுக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 எண் (கோப்பின் கைரேகை போன்ற சரிபார்ப்பு எண்) எழுதி வைத்திருந்தால் இந்த இடத்தில் அது பெரிய உதவி. மூன்று பிரதி இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று நினைப்பவர்களிடம் ஒரு வார்த்தை: தவறான கட்டளை ஒன்று மூன்று பிரதியையும் ஒரே நொடியில் அழிக்கும். கிளஸ்டருக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில், ஒரு நகல் இருக்க வேண்டும்.

நிலை எல்லாம் சரி என்று வந்ததும் ஒரே ஒரு டிஸ்க்கை அவுட் செய்கிறோம். 4 டிபி டிஸ்க்கில் 60 சதவீதம் என்றால் 2.4 டிபி நகர வேண்டும். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும் ஏழு மணி நேரத்துக்குப் பக்கம் வரும். ஊழியர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்த வேகம் கிடைக்காது, கிடைக்க விடவும் கூடாது. சிறு கிளஸ்டரில் சில பகுதிகள் நகர்ந்து முடியாமல் ரீமேப் என்ற இடைநிலையிலேயே சிக்கி நிற்பது உண்டு. டிஸ்க்குகள் குறைவாக இருப்பதால் இடம் ஒதுக்கும் கணக்கு தடுமாறுவதால் வருவது அது. அப்போது ஓஎஸ்டியை மறுபடி 'இன்' ஆக்கி, எந்தத் தரவு எந்த டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கிரஷ் வரைபடத்தில் அதன் எடையை, அதாவது அது ஏற்கும் பங்கை, பூஜ்யமாக்கினால் நகரும்.

நகர்ந்து முடிந்ததா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கிளஸ்டரையே கேட்க வேண்டும். கேட்க இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று 'ஓகே டு ஸ்டாப்', மற்றது 'சேஃப் டு டெஸ்ட்ராய்'. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் முதலாவதன் பதிலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, ஓகேன்னு சொல்லிருச்சே, அழிச்சிரவா?"

"பொறுங்க தம்பி. நிறுத்தலாம்னுதான் சொல்லியிருக்கு. அழிக்கலாம்னு சொல்லலையே."

"எல்லாம் ஆக்டிவ்லதானேண்ணே இருக்கு?"

"ஆக்டிவ்னா வேலை நடக்குதுன்னு அர்த்தம். மூணு பிரதி இருக்கான்னு அது சொல்லாது. மத்த கட்டளையைப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தபோது இன்னும் சில பகுதிகள் அந்த டிஸ்க்கை நம்பி இருப்பதாகப் பதில் வந்தது. முதலாவது கட்டளை, தற்காலிகமாக நிறுத்தினால் வேலை தடைபடுமா என்று மட்டும் பார்க்கும். இரண்டாவதுதான், அழித்தால் பிரதி குறையுமா என்று பார்ப்பது. அதிலும் 'முடிவு சொல்ல முடியவில்லை' என்று ஒரு பதில் வருவதுண்டு. அதை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அழிக்கலாம் என்று பதில் வந்தபின் நிறுத்தி, அழித்து, துடைத்து, அதே எண்ணில் புதிய ஓஎஸ்டி உருவாக்குகிறோம். 'பர்ஜ்' வேண்டாம், 'டெஸ்ட்ராய்' போதும். அது எண்ணையும் வரைபடத்தில் உள்ள இடத்தையும் வைத்துக்கொள்ளும், தேவையில்லாமல் தரவு அலையாது. துடைக்கும் கட்டளை அடிக்கும்போது விரலை நிறுத்திப் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. எஸ்டிபி, எஸ்டிசி என்ற டிஸ்க் பெயர்கள் நிரந்தரமானவை அல்ல, சர்வர் மறுபடி கிளம்பும்போது மாறக்கூடியவை. சீரியல் எண்தான் மாறாதது. டிஸ்க் தட்டுகளின் முகப்பில் சீரியலின் கடைசி நான்கு எழுத்தையும் ஓஎஸ்டி எண்ணையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறோம். ஒருவர் திரையில் உள்ளதை வாசிக்க, மற்றவர் தட்டைப் பார்த்துச் சொல்வார், பொருந்தினால்தான் என்டர் விழும். நான்கு டிஸ்க்கின் ஜர்னலையும் ஒரே எஸ்எஸ்டியில் வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த எஸ்எஸ்டியில் குறிப்பிட்ட பகுதியை மட்டுமே துடைக்க வேண்டும். முழுதாகத் துடைத்தால் நான்கு ஓஎஸ்டியும் சேர்ந்து போய்விடும்.

புதிய ஓஎஸ்டி கிளம்பியதும் தரவு திரும்பி வரும். ஆக ஒரே தரவு இரண்டு முறை பயணிக்கிறது. இது வீண் என்று சிலர் சொல்வார்கள், நகர்த்தாமல் நேரே அழித்து ஒரே முறை நிரப்பலாம் என்பார்கள். நேரம் பாதியாகும் என்பது உண்மை. அந்த நேரம் முழுக்க இரண்டு பிரதியோடு நிற்க வேண்டும் என்பதும் உண்மை. டிஸ்க்குகள் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வாங்கியவை, ஒரே வயது, இப்போது எல்லாம் இரவு பகலாகப் படித்து எழுதிக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று பழுதாக இதைவிட நல்ல தருணம் அமையாது. நான் இரண்டு முறை பயணத்தையே தேர்வு செய்வேன்.

ஒரு வெற்று சர்வர் கிடைத்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. அதில் புளூஸ்டோர் டிஸ்க்குகளை முன்பே அமைத்து, கிரஷ் வரைபடத்தில் பழைய சர்வரின் இடத்தில் அதை மாற்றி வைத்துவிட்டால், முழு சர்வரின் தரவும் ஒரே பயணத்தில் வந்து சேரும். காலியான பழைய சர்வர் அடுத்ததற்கு மாற்றாகும். மூன்று சுற்றில் வேலை முடியும். வாடகைக்காவது ஒரு சர்வர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் டிஸ்க் மாறியதும் அடுத்ததற்கு ஓட வேண்டாம். இரண்டு வகையும் ஒரே கிளஸ்டரில் கலந்து ஓடும், அவசரமே இல்லை. இந்த இடைவெளியில் பார்க்க வேண்டியது ரேம். ஃபைல்ஸ்டோர், கர்னல் ரேமில் வைக்கும் பொதுத் தற்காலிகச் சேமிப்பான பேஜ் கேச்சை நம்பி இருந்தது, நெருக்கடி வந்தால் கர்னல் அதை எடுத்துக்கொள்ளும். புளூஸ்டோர் தனக்கென்று கேச் வைத்துக்கொள்கிறது. ஓஎஸ்டிக்கு 4 ஜிபி என்பது அதன் இயல்பான இலக்கு, சில நேரம் அதைத் தாண்டவும் செய்யும். நான்கு டிஸ்க்குக்கு 16 ஜிபி அதிலேயே போகும். மொத்தமே 16 ஜிபி உள்ள சர்வரில் முதல் டிஸ்க் மாறியபோது ஒன்றும் தெரியாது. மூன்றாவது, நான்காவது மாறும்போது கர்னல் ஓஎஸ்டிகளைக் கொல்லத் தொடங்கும், அதுவும் பின்நிரப்பல் நடுவில். ரேமைக் கூட்டுங்கள், முடியாவிட்டால் இலக்கைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்படுவது, காலையில் போனால் மாலைவரை வராமல் இருப்பதும் உண்டு. அதற்கு முந்தைய நாள் எந்த டிஸ்க்கையும் அவுட் செய்யாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஏசியும் யுபிஎஸ்ஸும் ஏற்கெனவே திணறும், டிஸ்க்குகளும் சூடாகவே இருக்கும். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்குளிர்தான் நல்ல காலம், இடி மின்னலுக்கான பாதுகாப்பு சரியாக இருந்தால்.

எல்லாம் முடிந்ததா என்று ஓஎஸ்டி மெட்டாடேட்டாவை வகை வாரியாக எண்ணிப் பார்த்தால் தெரியும். ஃபைல்ஸ்டோர் என்ற பெயரே வராதபோதுதான் ரீஃப்புக்குப் போகலாம்.

ஏற்கெனவே புளூஸ்டோரில் இருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கலாம். டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் குறைந்தபட்ச அலகு, சுழலும் டிஸ்க்குகளுக்கு முதலில் 64 கேபியாக இருந்தது. 2021-இல் வந்த பசிஃபிக் பதிப்பிலிருந்து அது 4 கேபி. ஓஎஸ்டி உருவாகும்போது பதிவாகும் இந்த அளவு, மென்பொருளை எத்தனை முறை புதுப்பித்தாலும் மாறாது. ஸ்கேன் தளத்தில் சிறுபடங்கள் பத்து லட்சம், ஒவ்வொன்றும் 12 கேபி என்றால் மூன்று பிரதிக்கு 36 ஜிபி ஆக வேண்டும். பழைய அலகில் 192 ஜிபி பிடிக்கும். சிறு கோப்புகள் இப்படிக் குவிந்திருக்கும் கிளஸ்டரில், மேலே சொன்ன அதே முறையில் ஒவ்வொரு டிஸ்க்கையும் அழித்து உருவாக்குவது பலன் தரும். ஒவ்வொன்றும் 100 எம்பி இருக்கும் டிஃப் (TIFF) படக் கோப்புகளும் வீடியோவும் மட்டுமே என்றால் இதற்காக எதையும் கலைக்க வேண்டாம், டிஸ்க் பழுதாகி மாற்றும்போது புதியது தானாகவே 4 கேபியில் உருவாகும்.